மரம் ஒருத்தருக்கு, மண் ஊருக்கு

நவரைக்கு நாத்து விட்டாச்சு. ஏரி கலங்கலைத் தொட்டுக்கிட்டு நிக்குது. நாத்து பறிக்கிற வரைக்கும் கொஞ்சம் கை ஓய்வு. ரொம்ப நாளா எழுதணும்னு இருந்ததை இப்ப எழுதிடறேன்.

பொங்கலுக்கு என் தங்கச்சி மகன் வந்திருந்தான். மலேசியாவுல, சரவாக் மாநிலத்துல மிரிங்கிற ஊர்ல எண்ணெய்க் கம்பெனி வேலை. சரவாக் இருக்கிறது போர்னியோ தீவுல. கூட வேலை செய்யற ஒரு இபான் பையன் அவனை அறுவடைத் திருநாளுக்குத் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். தயாக் மக்கள்ல இபான் ஒரு பெரிய பிரிவு. ஜூன் 1-ஆம் தேதி அவங்களுக்கு 'கவாய்' பண்டிகை, நம்ம பொங்கல் மாதிரி. ராஜாங் ஆத்துல கபிட் வரைக்கும் பெரிய படகு, அங்கேர்ந்து நீளப் படகு, ரெண்டு பக்கமும் காடு. ஊருன்னு போய் இறங்கினா ஒரே ஒரு வீடுதானாம்!

"ஒரே வீடு மாமா. ஆனா இருபது கதவு. ஒரு கதவுக்கு ஒரு குடும்பம். முன்னாடி இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நீளத் திண்ணை. ராத்திரி எல்லாரும் அங்கதான் உக்காந்திருப்பாங்க" என்றான்.

கதவுக்கு உள்ளே இருக்கிற குடித்தனத்துக்கு 'பிலிக்'னு பேராம், திண்ணைக்கு 'ருவாய்'. நம்ம தெருவைத் தூக்கி ஒரே கூரைக்குக் கீழே வச்ச மாதிரி என்று நினைச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அவன் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. காட்டுக்குள்ள ஒரு டுரியன் மரத்தைக் காட்டி, "இது எங்க கொள்ளுத் தாத்தா நட்டது, அவரோட வாரிசு அத்தனை பேருக்கும் இதுல பாத்தியம் உண்டு"ன்னு அந்தப் பையன் சொல்லியிருக்கான். சுத்தி இருக்கிற நிலம் யாருதுன்னு இவன் கேட்டிருக்கான். அது வேற கணக்காம். மரத்துக்குச் சொந்தக்காரன் வேற, மண்ணுக்குச் சொந்தக்காரன் வேற. பழக் காலத்துல மரத்தடியில குடிசை போட்டு, பழம் விழறதுக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்களாம்.

"இப்படி எங்கேயாவது உண்டா மாமா? மண்ணு ஒருத்தருக்கு, மரம் ஒருத்தருக்குன்னு?"

நான் சிரிச்சிட்டேன். "மாப்ள, நீ ஊஞ்சல் கட்டி ஆடின புளிய மரம் எந்த நிலத்துல நிக்குதுன்னு நினைச்ச?" என்று கேட்டேன். முழிச்சான்.

அந்த மரம் வண்டிப்பாட்டை புறம்போக்குல நிக்குது. நிலம் சர்க்காருது. மரம் எங்க தாத்தா நட்டது. அதுக்கு 2சி பட்டான்னு ஒண்ணு இருக்கு. புறம்போக்குல மரம் வச்சவன் அதோட பலனை அனுபவிச்சுக்கலாம், அதுக்கு வரி கட்டணும், மண்ணுல மட்டும் உரிமை கிடையாது. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்குல இன்னைக்கும் இருக்கிற ஏற்பாடு இது. வண்டலூர்-கேளம்பாக்கம் ரோட்டுல வேலைக்குப் போற பிள்ளைகளுக்குத் தெரியாம இருக்கலாம். பழைய மணியக்காரங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

பையன் ஊருக்குப் போனப்புறம் பீரோவைத் திறந்து பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்துல நிலத்தோட அளவு மட்டும் எழுதி விட்டுடல. மாவடை, மரவடை, நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அடுக்கிக்கிட்டே போறாங்க. அதாவது மேல நிக்கிற மரம், உள்ளே புதைஞ்ச புதையல், தண்ணி, கல்லு எல்லாத்தையும் தனித்தனியா பேர் சொல்லி விக்கறாங்க. தனித்தனியா சொல்ல வேண்டிய அவசியம் ஏன் வந்தது? அது ஒவ்வொண்ணும் தனித்தனி ஆள்கிட்ட இருக்க வாய்ப்பு இருந்ததாலதான்.

நான் சின்னப் பையனா இருந்தப்பவே இப்படித்தான் இருந்தது. வயல் எங்களுது, அறுப்பு முடிஞ்சா அதுல ஊர் மாடெல்லாம் மேயும், யாரும் கேக்க மாட்டாங்க. ஏரி ஊருது, மீன் ஏலம் எடுத்தவனுது, கரையில இருக்கிற பனை ஏறுறவங்களுது. களத்துல நெல்லு தூத்தினதும் மொத்த நெல்லும் வீட்டுக்கு வராது. ஏரித் தண்ணி திறந்து விடுற ஆளுக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வெட்டியானுக்குன்னு மேரை அளந்து போட்டப்புறம்தான் மிச்சம்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது எலி வளைச் சட்டம். அறுப்பு சமயத்துல இருளர் வருவாங்க. வரப்புல காதை வச்சும், மண்ணைப் பார்த்தும் வளை எங்கே போகுதுன்னு கண்டுபிடிப்பாங்க. ஒரு பக்கம் சட்டியில புகை போட்டு, இன்னொரு பக்கம் வெட்டி எலியைப் பிடிப்பாங்க. உள்ளே எலி சேர்த்து வச்ச நெல்லு படிக்கணக்குல கிடைக்கும். அந்த நெல்லு இருளருக்கு. என் வயல்ல விளைஞ்ச நெல்லுதான், ஆனா எலி வளைக்குள்ள போயிட்டா அது என்னுது இல்ல. எந்தக் கச்சேரியிலயும் எழுதாத சட்டம். எங்கப்பா காலத்துல ஒருத்தரும் அதை மீறிப் பார்த்ததில்ல.

இந்த மாதிரி விஷயங்களைப் படிக்க ஆரம்பிச்சா முடிவே இல்ல போலிருக்கு. நம்ம செங்கல்பட்டுப் பக்கம்தான் வெள்ளைக்காரன் முதன்முதலா "இந்த ஊர்ல நிலம் யாருது?"ன்னு கேட்டுக் குழம்பின இடம். 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கும்பெனிக்கு ஜாகீரா கொடுத்தார். 1767-லேர்ந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுங்கிற இன்ஜினீயர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் எழுதி வச்ச ஓலைச்சுவடிகள்தான் அவருக்கு அடிப்படை. வீடு எத்தனை, ஏரி எத்தனை, தோப்பு எத்தனைன்னு மட்டுமில்ல, விளைச்சல்ல கோயிலுக்கு எவ்வளவு, ஏரி பராமரிப்புக்கு எவ்வளவு, தச்சருக்கு எவ்வளவுங்கிற பங்கும் அதுல இருக்கு. தரம்பால் என்கிற ஆய்வாளர் இந்தக் கணக்குகளைத் தேடி எடுத்து வெளியே சொன்னப்புறம்தான் நம்மளுக்கே தெரிஞ்சது. நான் சின்ன வயசுல களத்துல பார்த்த மேரை, அந்தப் பெரிய கணக்கோட கடைசி வால்.

அப்போ ஊர்ல நிலத்துக்குக் காணியாட்சின்னு பேர். துலுக்க ஆட்சியில வந்த அரபுச் சொல் மிராசு. பரம்பரைப் பாத்தியம்னு அர்த்தம். காணியாட்சிக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் இன்ன சர்வே நம்பர்னு கிடையாது. ஊரே பங்குகளா, கரைகளா பிரிஞ்சிருக்கும். எனக்கு ஊர்ல ஒரு பங்கு, அரைப் பங்குன்னுதான் சொல்ல முடியும். சில ஊர்ல சில வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு நிலத்தை மாத்திக்குவாங்க. அதுக்குக் கரையீடுன்னு பேர். அப்படி மாத்திக்கிற ஊர் பசுங்கரை. ஒரேயடியா பிரிச்சுக்கிட்ட ஊர் அறுதிக்கரை. ஏன் மாத்தணும்? விவசாயிக்கு விளக்கவே வேண்டாம். மதகு ஓரத்து வயல் ஒருத்தனுக்கே, கடைமடை ஒருத்தனுக்கேன்னு இருந்தா, மதகுக்காரன் ஏரியைப் பத்திக் கவலைப்பட மாட்டான். இன்னைக்கு மதகு, நாளைக்குக் கடைமடைன்னா எல்லாரும் கரைக்கு மண்ணு சுமப்பாங்க.

இதையெல்லாம் எழுதி வச்சவர் எல்லிஸ். 1816-லேயே தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம்னு எழுதினவரே அவர்தான். சென்னைக்குக் கலெக்டர். மிராசு பாத்தியம் பத்தி மேலதிகாரிகள் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதின பதில் 1818-ல் அச்சாச்சு. மறு வருஷமே அவர் செத்துப் போனார்.

இந்த இடத்துலதான் நான் நின்னு யோசிக்க வேண்டியதாச்சு. காணியாட்சி எப்படி வந்ததுன்னு கேட்டா, தொண்டை மண்டலத்துல ஒரு பழங்கதை உண்டு. இங்கே முன்னாடி குறும்பர் இருந்தாங்க, எல்லாம் காடு. ஆதொண்டச் சோழன் குறும்பரை ஜெயிச்சு, வேளாளரைக் கொண்டு வந்து குடியேத்தினான். அவங்க காடு வெட்டி நாடாக்கினாங்க. அதனால நிலம் அவங்களுக்குக் காணியாச்சு. கதை நிஜமோ பொய்யோ, காட்டை முதல்ல வெட்டினவனுக்கு நிலம் என்கிறதுதான் அதோட சட்டம்.

தங்கச்சி மகன் போய் வந்த ஊர்லயும் அதே சட்டம்தான். கன்னிக் காட்டை எந்தக் குடும்பம் முதல்ல வெட்டி நெல்லு விதைச்சதோ, அந்த இடம் அந்தக் குடும்பத்துது. அறுத்தப்புறம் சில வருஷம் சும்மா விட்டுடுவாங்க, காடு திரும்ப வளரும், மறுபடி அதே குடும்பம் வந்து வெட்டும். யாரும் வெட்டக் கூடாதுன்னு ஊருக்குப் பொதுவா விட்ட காடும் உண்டு. வீடு கட்ட மரம், படகுக்கு மரம், பிரம்பு எல்லாம் அதுலேர்ந்துதான்.

ரெண்டு ஊருக்கும் ஒரே சட்டம், ஆனா ஒரு வித்தியாசம். அங்கே கோடாலி பிடிச்சவனும் சொந்தக்காரனும் ஒரே ஆள். இங்கே?

இங்கே காட்டை வெட்டினது யாரு, ஏரிக்கரைக்கு மண்ணு சுமந்தது யாரு, சேத்துல இறங்கி ஏர் பிடிச்சது யாருன்னு கேளுங்க. பறையர், பள்ளின்னு எழுதப்பட்ட பண்ணையாட்கள் நிறைய பேர் நிலத்தோட சேர்த்து விக்கப்பட்டவங்க. காணியாட்சி பத்தி எழுதின எல்லிஸே இந்த அடிமைத்தனத்தையும் எழுதியிருக்கார். 1843-ல் சட்டம் போட்டு அடிமை முறைக்கு கோர்ட்டுல மதிப்பில்லைன்னு ஆக்கினாங்க. ஆனா சேரி இருக்கிற மனையே மிராசுதாருதுன்னா, சட்டம் என்ன பண்ணும்? எதிர்த்துப் பேசினா குடிசையைப் பிரிச்சுக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பழைய ஊரைப் பத்தி எழுதறப்போ எல்லாம் பொதுவா இருந்தது, எல்லாருக்கும் பங்கு இருந்ததுன்னு உருகறது எனக்கும் பழக்கம்தான். முன்னாடி நானே அப்படி எழுதியிருக்கேன். மேரைங்கிறது பங்குதான், ஆனா அது களத்துக்கு வெளியே நின்னு வாங்கின பங்கு. பொதுன்னு சொன்ன நிலத்துல யாரு பொதுங்கிறது ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

எங்க குடும்பமும் காணியாட்சிக்காரங்க இல்ல. உள்குடிப் பயிர்க்காரங்க, அதாவது ஊரோட குடியிருந்து மிராசுதார் நிலத்தைப் பயிர் பண்ணி வாரம் கொடுத்தவங்க. ரயத்துவாரி வந்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பட்டான்னு ஆனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எங்க பேரும் கணக்குல ஏறிச்சு. காகிதம் எங்களைத் தூக்கி விட்டது. அதை நான் மறைக்கப் போறதில்ல.

ஆனா அதே காகிதம்தான் மிச்சம் எல்லாத்தையும் வேற பேருக்கு மாத்திச்சு. தீர்வை போட்ட நிலம் பட்டாதாருக்கு. தீர்வைக் கணக்குக்குப் புறம்பா விட்டது புறம்போக்கு. ஏரி, ஓடை, மேய்க்கால், மந்தைவெளி, களம், சுடுகாடு எல்லாம் அதுல சேர்ந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்து காட்டைச் சர்க்கார் எடுத்துக்கிச்சு. 1905-ல் ஆக்கிரமிப்புச் சட்டம் வந்து, ரோடு, ஆறு, ஏரி, வாய்க்கால் எல்லாம் சர்க்கார் சொத்துன்னு எழுதிச்சு. ஊரோட உயிர் நிலம் அத்தனையும் ஒரே வார்த்தைக்குள்ள போச்சு. இன்னைக்கு புறம்போக்குன்னு சொன்னா அது ஒரு திட்டு.

நிலமில்லாதவங்க தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனு போடலாமே என்பீங்க. போட்டாங்க. ஆனா ஊர்த் தரிசுல முதல் உரிமை மிராசுதாருக்குன்னு பழைய பாத்தியம் குறுக்கே நின்னது. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டரா இருந்த டிரெமன்ஹீர் பறையர் மக்களோட நிலைமையைப் பத்தி ஓர் அறிக்கை எழுதினார். மனு போட்டவங்களை மிராசுதாருங்க எப்படியெல்லாம் தடுக்கறாங்கன்னு அதுல இருக்கு. 1892-ல் அரசாணை வந்தது. அதுலேர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கினதுதான் பஞ்சமி நிலம். குறிப்பிட்ட காலத்துக்கு விக்கக் கூடாது, அப்புறமும் அதே மக்களுக்குள்ளதான் விக்கலாம் என்கிறது நிபந்தனை. அந்த நிலம் எவ்வளவு கை மாறிப் போச்சுன்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 1994-ல் காரணையில பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினப்போ போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 2 பேர் உயிர் போச்சு. 102 வருஷத்துக்கு முந்தின காகிதத்துக்காக.

சேரி மக்களுக்காவது காகிதம்னு ஒண்ணு இருந்தது, அதைக் காட்டிப் போராட முடிஞ்சது. இருளருக்கு அதுவும் இல்ல. காட்டுல சுத்தறவங்க, ஒரு இடத்துல நிக்காதவங்கன்னு எந்தக் கணக்குலயும் நிலத்துக்கு நேரா அவங்க பேர் ஏறல. தாம்பரத்தைச் சுத்தி எங்கே பார்த்தாலும் முன்னாடி குத்துக்காடு. கிழக்குத் தாம்பரத்துல சேலையூர்க் காட்டுலதான் 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வந்தது. அந்த வளாகத்துக்குள்ள இன்னைக்கும் காடு மிச்சம் இருக்கு. வண்டலூர்க் காட்டுல 1985-ல் மிருகக்காட்சி சாலை திறந்தாங்க. நன்மங்கலம் காப்புக்காடா நிக்குது. கணக்குல வெறும் கழுவெளின்னு கிடந்த பள்ளிக்கரணையில பாதிக்கு மேல குப்பையும் கட்டடமும் ஆனப்புறம், 2007-ல் மிச்சத்தைக் காப்புக்காடு ஆக்கினாங்க, 2022-ல் ராம்சார் பட்டியலுக்கும் போச்சு. காப்பாத்தினது நல்லதுதான், எனக்கு அதுல மறுப்பே இல்ல. ஆனா கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, உடும்பும் முயலும் பிடிச்சுப் பிழைச்சவங்க வேலிக்கு வெளியே நின்னாங்க.

பாம்புத் தோல் ஏவாரம் அவங்களுக்குக் கொஞ்ச காலம் சோறு போட்டது. 1972-ல் வன உயிரினச் சட்டம், 1976-ல் தோல் ஏற்றுமதிக்குத் தடை. அதோட அதுவும் நின்னது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. வடநெம்மேலியில முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ள இருக்கு. பாம்பைப் பிடிச்சு, விஷத்தை எடுத்துட்டுத் திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க. அந்த விஷத்துலேர்ந்துதான் நம்மைப் பாம்பு கடிச்சா போடற மருந்து வருது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன்னு நம்ம மாவட்டத்து இருளர் ரெண்டு பேருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. டிவியில பார்த்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. விருதெல்லாம் வந்தாச்சு, குடிசைக்குக் கீழே இருக்கிற மண்ணு மட்டும் நிறைய பேருக்கு இன்னும் சொந்தமில்ல.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, காரணம் எங்க ஏரிக்கரையில இருக்கு.

கரையோட தெற்குக் கோடியில ஆறு இருளர் வீடு. வீடுன்னு சொல்றது மரியாதைக்கு. நீர்நிலைன்னு சொல்லிக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஏரிக்கரையில பட்டா கொடுக்க முடியாதுங்கிறது சரிதான், கரை பலமா இருக்கணும்னு விவசாயியான எனக்குத் தெரியாதா? மாத்து இடம் கொடுக்கணும். எங்கேயோ தூரத்துல அடுக்குமாடியா, இல்ல ஊருக்குள்ளயேயான்னு பேச்சு. ஊருக்குள்ள மேட்டுத் தரிசுல கொடுக்கணும்னா, அவங்க இந்த ஊர்ல பல காலமா இருக்கிறாங்கன்னு நிரூபிக்கணும். அந்த மேட்டுத் தரிசு என்னோட 70 சென்ட்டை ஒட்டி இருக்கு.

பெரியவர் ஒருத்தர் வந்தார். எனக்குப் பத்து வயசு மூத்தவர். வாசல்லயே நின்னுக்கிட்டு, "ஐயா, நாங்க எம்மாங்காலமா இருக்கிறோம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துக்குவாங்களாம்" என்றார். உள்ளே வந்து உக்காருங்கன்னு சொன்னேன். திண்ணை ஓரத்துல உக்காந்தார். எங்க வீட்ல சின்னப் பசங்க கூட அவரை வா, போன்னுதான் கூப்பிட்டுக்கிட்டிருந்தோம். அந்தப் பசங்கள்ல நானும் ஒருத்தன்.

அன்னைக்குச் சாயங்காலமே புரோக்கர் வந்துட்டார். எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ! "சார், பக்கத்துல அவங்க வந்துட்டா உங்க 70 சென்ட்டை எவனும் மனைக்கு எடுக்க மாட்டான். நீங்க ஒண்ணும் எதிர்க்க வேணாம், சும்மா இருந்தாலே போதும்" என்றார். சும்மா இருக்கறதுக்கு இவ்வளவு விலையான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. பொய் சொல்றேன்னு நினைக்காதீங்க, ரெண்டு நாள் நான் சும்மாத்தான் இருந்தேன். பொண்ணு கல்யாணத்துக்கு அந்த 70 சென்ட்டைத்தான் மனசுல வச்சிருந்தேன்.

மூணாம் நாள் தங்கச்சி மகனுக்கு போன் போட்டேன். உன் சிநேகிதன் ஊர்ல இந்த மாதிரி சிக்கல் வராதான்னு கேட்டேன். அவன் விசாரிச்சுச் சொன்னதையும், அப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். சரவாக் நிலச் சட்டத்துல 1958 ஜனவரி 1 ஒரு கோடு. அதுக்கு முன்னாடி காடு வெட்டிப் பயிர் பண்ணின நிலம்னு காட்டினாத்தான் பூர்வகுடி உரிமை. காட்டுல பயிர் பண்ணினவன்கிட்ட ரசீதா இருக்கும்? 1950-களுக்குள்ள விமானத்துலேர்ந்து எடுத்த படங்கள்ல காடு எங்கே, வெட்டின இடம் எங்கேன்னு பார்த்து கோர்ட்டுல சண்டை போடறாங்க. பயிர் பண்ணின இடம் மட்டுமில்ல, ஊருக்குப் பொதுவா விட்ட காடும் எங்களுதுதான்னு 2001-ல் ஒரு வழக்குல ஜெயிச்சாங்க. 2016-ல் நாட்டோட உச்ச கோர்ட்டு, பொதுக் காட்டுக்குச் சட்டத்துல இடமில்லைன்னுடுச்சு. 2018-ல் சட்டத்தையே திருத்தினாங்க. நம்ம ஊர்ல நூத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி நடந்தது அங்கே இப்ப நடந்துக்கிட்டிருக்கு. கேக்கற கேள்வி ஒண்ணுதான்: "நீ இங்கே இருந்தேன்னு காகிதம் எங்கே?"

விமானப் படம்னு அவன் சொன்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்தது. எங்கப்பா கணக்கு நோட்டு. அறுப்புக் கணக்கு, கூலி, மேரை எல்லாம் வருஷா வருஷம் எழுதி வச்சிருப்பார். பரண்லேர்ந்து இறக்கித் தூசி தட்டினேன். கரையான் பாதி தின்னது போக 1974 தை மாசத்து நோட்டு இருந்தது. அதுல ஒரு வரி: 'ஏரிக்கரை இருளன், எலி வெட்டினது, வளை நெல் போக கூலி 1 மரக்கால்'. அடுத்த வருஷமும் இருந்தது. அதுக்கு அடுத்த வருஷமும்.

சந்தோஷமா எடுத்துக்கிட்டுப் போனேன். விசாரணைக்கு வந்தவர் புரட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், பொறுமையா படிச்சார். அப்புறம், "ஏரிக்கரை இருளன்னு போட்டிருக்கே, பேர் எங்கே? இவரோட அப்பாதான் அதுன்னு எப்படி எடுத்துக்கறது?" என்று கேட்டார்.

நோட்டை வாங்கி நானும் பார்த்தேன். வண்ணாருக்குப் பேர் போட்டிருந்தார் அப்பா. தச்சருக்குப் பேர் போட்டிருந்தார். மாட்டுக்குக் கூட, செவலை, மயிலைன்னு இருக்கு. வருஷா வருஷம் எங்க வயலைக் காப்பாத்தின மனுஷனுக்குப் பேர் இல்ல. எங்கப்பா கெட்டவர் இல்லைங்க. வளை நெல்லுல ஒரு பிடி கூடக் குறைச்சதில்ல. ஆனா பேர் எழுதணும்னு அவருக்குத் தோணவே இல்ல. குறும்பர் காலத்துலேர்ந்து கும்பெனி காலம் வரைக்கும் நான் மேலே எழுதின அத்தனை வரலாறும் அந்த ஒரு வரியில இருந்தது.

பெரியவர் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தார். அவங்க அப்பா பேரைச் சொன்னார். எனக்கு அந்தப் பேர் தெரியும், சின்ன வயசுல கேட்டிருக்கேன். வலது கையில ரெண்டு விரல் இருக்காது அவருக்கு, பாம்பு கடிச்சது. வளையிலேர்ந்து எடுத்த எலிக்குட்டியை என் உள்ளங்கையில வச்சுக் காட்டினவர். இதையெல்லாம் சொன்னேன். "எழுத்தா கொடுக்கறீங்களா?" என்று கேட்டார். கொடுத்தேன். இன்னாருடைய மகன் இன்னார், என் நினைவு தெரிஞ்ச நாள் முதலா இந்த ஊர் ஏரிக்கரையில குடியிருக்கிறார், என் தகப்பனார் கணக்கு நோட்டுல கண்ட ஆள் இவருடைய தகப்பனார்தான் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

புரோக்கர் இப்போ என்னைப் பார்த்தா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போறார். வீட்ல ஒரு வாரம் சரியா பேச்சு வார்த்தை இல்ல. பொண்ணுதான், "விடும்மா, நமக்கு என்ன நிலமா இல்லாம போச்சு"ன்னு அம்மாகிட்ட சொல்லிச்சு. மாத்து இடம் விஷயம் இன்னும் முடிவாகல. ஃபைல் மேலே போயிருக்காம்.

தாம்பரம் 2021-லேயே மாநகராட்சி ஆயிடுச்சு. இன்னும் கொஞ்ச வருஷத்துல அது எங்க ஏரிக்கும் வந்துடும். அப்போ யாராவது இந்த ஊர்ல முன்னாடி யார் இருந்தாங்கன்னு தேடினா, பட்டா வச்சிருந்தவங்க பேர் கிடைக்கும். மத்தவங்களுக்கு நம்மள மாதிரி ஆளுங்க எழுதி வச்சாத்தான் உண்டு. உங்க வீட்டுப் பரண்லயும் பழைய கணக்கு நோட்டு இருந்தா கரையானுக்கு விட்டுடாதீங்க. பேர் விட்டுப் போயிருந்தா, தெரிஞ்ச பெரியவங்க இருக்கிறப்பவே கேட்டு ஓரத்துல எழுதி வைங்க.

நான் எழுதிட்டேன். 1974 நோட்டுல அப்பா எழுதின வரிக்குப் பக்கத்துல, நீல மையில, அந்தப் பெரியவரோட அப்பா பேர் இருக்கு. இந்த வருஷ அறுப்புக்கும் பெரியவரோட பேரன்தான் எலி வெட்ட வந்தான். வளை நெல்லு ரெண்டு மரக்கால் தேறிச்சு. எடுத்துக்கிட்டுப் போனான். புது நோட்டுல அவன் பேர், அவன் அப்பா பேர், தாத்தா பேர், மூணும் போட்டுக் கூலி எழுதினேன்.

"எதுக்கு ஐயா இவ்ளோ நீட்டமா எழுதுறீங்க?" என்று சிரிச்சான்.

"இருக்கட்டும்டா, நாளைக்கு யாராவது கேப்பாங்க" என்றேன்.